செத்த பள்ளிக்கூடத்துக்கு இருநூற்றுப் பதினான்கு சாப்பாடு

குசுனோகி மசாயோவின் வீட்டில் கிண்ணங்கள் இரண்டுதான். குவளை இரண்டு, வாணலி ஒன்று, புத்தகங்கள் நான்கு. ஐந்தாவது புத்தகம் உள்ளே வந்தால் பழைய நான்கில் ஒன்று வெளியே போய்விடும். கமாதாவில் அவள் குடியிருந்த அடுக்ககத்தில் திங்கட்கிழமை எரியும் குப்பை, வியாழக்கிழமை பிளாஸ்டிக், மாதம் இருமுறை உலோகம். மற்றவர்களுக்கு அது தொல்லை. அவளுக்கு விசேஷ நாள். வருடக் கடைசி விருந்தில் குலுக்கலில் விழுந்த பீங்கான் பூனையை அவள் வீடுவரைகூடக் கொண்டுபோகவில்லை. ரயில் நிலையத்திலேயே யாரோ ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கல்யாணம் ஒன்று நடந்திருந்தது. அதையும் ஆறு வருடத்தில் வெளியே வைத்துவிட்டதாகச் சொல்வாள். எந்தக் கிழமைக்குரிய குப்பை என்று முடிவு செய்யத்தான் கொஞ்சம் தாமதமாயிற்றாம்.

இப்படிப்பட்டவளுக்குத்தான், எதையுமே தூக்கிப்போடக் கூடாது என்று விதி போட்டிருந்த ஒரு கணினிக் கோப்பைப் பதினோரு வருடம் காவல் காக்கும் வேலை வாய்த்தது.

தமாச்சியில் ஏழாவது மாடி. கட்டடம் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்துடையது. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். கடலோர நகரம் ஒன்று தன் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஏற்பாட்டைக் கணினியில் நடத்தித் தரும்படி இந்த நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. நிறுவனம் அதை இரண்டாவது ஒரு நிறுவனத்திடம் தள்ளியது. இரண்டாவது மூன்றாவதிடம். மூன்றாவதிலிருந்து வந்து உட்கார்ந்தவள் மசாயோ. நானும் அப்படி வந்தவன்தான், வேறொரு மூன்றாவதிலிருந்து; எனக்கு அவளுக்கு எதிர் மேசை. எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே மரியாதையான பெயர் ‘கூட்டாளி’. கூட்டாளிகளுக்கு அடையாள அட்டை தொங்கும் கழுத்துப் பட்டி மஞ்சள், சொந்த ஊழியர்களுக்கு நீலம். காபி இயந்திரம் நீலத்துக்கு மட்டும் வேலை செய்யும்.

எந்தப் பள்ளிக்கு எத்தனை சாப்பாடு, எந்த வண்டி, எந்த வழி, எந்தக் குழந்தைக்கு முட்டை ஆகாது என்பதெல்லாம் ஒரே ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் இருந்தது. எக்ஸ்.எம்.எல். என்பது வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானையும் ஒரு பெட்டியில் போட்டு, பெட்டியின் தலையிலும் காலிலும் அதன் பெயரை எழுதிவைக்கும் முறை. ‘உப்பு’ என்று எழுதித் திறந்தால் ‘உப்பு முடிந்தது’ என்று எழுதி மூட வேண்டும். உள்ளே இருப்பது ஒரு சிட்டிகை. வெளியே எழுத்து ஒரு முழம். மனிதனும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம் என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். இருவரில் ஒருவராவது விரும்பிப் படித்ததாகத் தகவல் இல்லை.

இதில் கமெண்ட் என்று ஒன்று உண்டு. ஒரு திறப்புக் குறிக்கும் ஒரு மூடல் குறிக்கும் நடுவே எதை எழுதினாலும் இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் தங்களுக்குள் குறிப்பு எழுதிக்கொள்ள என்று வைத்த இடம். எங்கள் மாடியில் அது சுடுகாடாகிவிட்டது.

காரணம் ஒரு விதி. 2006-இல் கன்பாரா என்பவர் அந்தப் பிரிவின் தலைவராக இருந்தபோது யாரோ ஒரு வரியை அழித்துவிட்டார். அதைத் திரும்ப எழுத மூன்று நாளாயிற்று. நான்காவது நாள் விதி வந்தது: அழிக்காதே. மாற்ற வேண்டுமானால் பழைய வரியைக் கமெண்ட்டுக்குள் போடு. தேதி, உன் நிறுவனத்தின் பெயர், உன் பெயர் எழுது. கீழே புதிய வரியை எழுது. பழைய வடிவங்களையெல்லாம் தானே சேர்த்துவைக்கும் மென்பொருள் பிற்பாடு வந்தது. அதை வாங்கினார்கள், இந்தக் கோப்பையும் அதில் போட்டுவைத்தார்கள், விதியையும் வைத்துக்கொண்டார்கள். பூட்டு வாங்கி மாட்டிய பிறகும் கதவில் ஆணி அடித்துக்கொண்டே இருப்பது போல. கோப்பு பதினோராயிரத்து நானூறு வரி ஆயிற்று. அதில் உயிரோடு இருந்தவை எண்ணூற்று அறுபது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்தது அதனால்தான். கமெண்ட்டுக்குள் இன்னொரு கமெண்ட் வைக்கக் கூடாது. கோப்பைப் படிக்கும் மென்பொருளுக்கு வாசிப்பான் என்று பெயர்; உலகத்தில் விற்கிற எந்த வாசிப்பானும் அப்படி ஒன்றைக் கண்டால் கோப்பையே தள்ளிவிடும். ஆனால் எங்கள் மாடியில் வேலை செய்தது உலகத்தில் விற்கிற வாசிப்பான் அல்ல. வெளியார் எழுதியதை நம்ப முடியாது என்று இந்த நிறுவனமே எழுதிக்கொண்டது. அது எதையும் தள்ளாது. கமெண்ட்டின் திறப்பைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும். முதலில் எந்த மூடல் வருகிறதோ அங்கே கண்ணைத் திறக்கும். யார் வீட்டு மூடல் என்று கேட்காது.

மசாயோ அந்தக் கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு ஈரத்தாளால் விசைப்பலகையைத் துடைப்பாள். மூடிய பிறகும் துடைப்பாள்.

“மூடினப்புறம் சரி. திறக்கறதுக்கு முன்னாடி எதுக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சமைக்கறதுக்கு முன்னாடியும் கை கழுவறீங்க, கழிவறைக்குப் போயிட்டு வந்தும் கழுவறீங்க. இங்க ரெண்டும் ஒரே எடத்துல நடக்குது” என்றாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். “இந்த ஆளைப் பாருங்க. உனோதானி. 2008. ஒரு எண்ண நாப்பதுலேருந்து நாப்பத்தொண்ணு ஆக்கியிருக்கான். மறுநாள் நாப்பது. அதுக்கு மறுநாள் நாப்பத்தொண்ணு. ஒரு மனுஷனோட தயக்கத்துக்கு மூணு பொணம். எல்லாத்துக்கும் தேதி, பேரு, மாலை மரியாதை.”

“பாக்காம தாண்டிப் போகவேண்டியதுதானே?”

“தாண்டறதுக்கும் பாக்கணும். சேறு எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே செருப்ப வேற எடத்துல வைக்க முடியும்?”

அதனால்தான் அந்தக் கோப்பை முழுதாகத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான். ஒரு பொருளை விரும்புகிறவர்கள் பிடித்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். வெறுக்கிறவர்கள்தான் மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறார்கள். அவளுடைய அருவருப்பே அவளுடைய தகுதியாகிவிட்டது. தகுதி இருக்கிற ஆளை யார் விடுவார்கள்?

பிரிவுத் தலைவர் இசோகாயை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பதவியே பெயர், காச்சோ. அவருக்கு மேலே புச்சோ. அந்தக் கன்பாராதான் இப்போது புச்சோ. காச்சோவும் மசாயோவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவளை அனுப்பிய நிறுவனத்தின் பெயர் மினாமோ. ஆகவே பதினோரு வருடமாக அவள், மரியாதைக்கு ஒரு ‘சான்’ ஒட்டி, ‘மினாமோ-சான்’. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் மினாமோ-சான்தான்.

போன இலையுதிர் காலத்தில் மினாமோவின் விற்பனை ஆள் ஹிருகாவா வந்து அவளைக் கீழே தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனான். மின்தூக்கிகளைப் பரிசோதிக்கிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஒரு கருவிக்கு மென்பொருள் எழுத வேண்டும், புதிதாக, முதல் வரியிலிருந்து. கமாதாவில் மினாமோவின் சொந்த அலுவலகத்திலேயே மேசை. ஏப்ரல் முதல் தேதி ஆரம்பம். இங்கே மார்ச் முப்பத்தொன்றுக்குள் வேறொருவரிடம் வேலையை ஒப்படைத்து, ‘ஒப்படைப்பு முடிந்தது’ என்ற தாளில் காச்சோவின் முத்திரை வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

மேலே வந்து உட்கார்ந்தவள் ஈரத்தாளை உருவி விசைப்பலகையைத் துடைத்தாள். பிறகு, “முதல் வரிலேருந்து” என்றாள். நாற்பத்தேழு வயதுப் பெண்ணின் முகம் அப்படி ஆகும் என்று நான் நினைத்ததில்லை.

*

ஜனவரியில் நெசு வந்தார். வயது ஐம்பத்து மூன்று. தொலைபேசி விவரப் புத்தகம் அச்சிடும் இடத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்தவர். புத்தகம் நின்றதும் ஆறு மாதம் கணினிப் பயிற்சி எடுத்துக்கொண்டு எங்களைப் போலவே மஞ்சள் பட்டி மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் நாளே மசாயோவிடம் சொன்னார்:

“குசுனோகி-சான், இது ரொம்ப அழகா இருக்கு.”

“எது?”

“இந்தக் கோப்பு. ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு மூடல். யாரு, எப்ப, எதத் தொட்டாங்கன்னு பேரோட இருக்கு. எங்க புத்தகத்துல இந்த மரியாதை கிடையாது. ஆள் செத்தா அடுத்த பதிப்புல பேரே இருக்காது.”

மசாயோ அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நெசு-சான், மதியம் சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“எப்படி உள்ள தங்குது?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன். மலக்குழியில் இறங்கத் தானாக முன்வந்தவரை யாருக்குத்தான் பிடிக்காது? எண்பத்து நான்கு தாள் கொண்ட ஒப்படைப்புக் குறிப்பை எக்செல்லில், கட்டம் கட்டமாக, அவருக்காக அவள் எழுதினாள். அறுபத்தொன்றாம் தாளில் சிவப்பில் இருந்தது: கமெண்ட்டுக்குள் கமெண்ட் வைக்காதே. நெசு அதைப் படித்து, சரி என்று குறியிட்டு, பக்கத்தில் தன் முத்திரையையும் குத்தினார்.

ஆனால் தான் நிற்கிற இடம் கமெண்ட்டுக்குள் இருக்கிறதா வெளியில் இருக்கிறதா என்று அந்தக் கோப்பில் கண்டுபிடிப்பது லேசல்ல. திறப்பு எழுநூறு வரி தள்ளி மேலே எங்கோ இருக்கும். கமெண்ட்டை வேறு நிறத்தில் காட்டும் வசதியைக் காச்சோ அணைத்துவைக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரையைப் படமெடுத்து, சாட்சியாக அச்சிட்டுக் கோப்புறையில் வைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அச்சு கறுப்பு வெள்ளை. நிறம் இருந்தால் எழுத்து மங்கலாக விழுகிறதாம்.

மார்ச் இரண்டாவது வாரம் நெசு தன் கையால் முதல் மாற்றத்தைச் செய்தார். ஒரு பள்ளிக்கு ஆறு சாப்பாடு குறைக்க வேண்டும். குறைத்தார். போகிற வழியில் காமெனோசாவா தொடக்கப்பள்ளி என்று ஒன்று இருப்பதையும், அதன் அஞ்சல் எண் பழைய எண்ணாக இருப்பதையும் பார்த்தார். இருபத்தாறு வருடம் மெய்ப்புப் பார்த்த கண். தவறான எண்ணைக் கடந்து போக அதனால் முடியவில்லை. விதிப்படி பழைய எண்ணைக் கமெண்ட்டுக்குள் போட்டார், தேதியும் பெயரும் எழுதினார், கீழே சரியான எண்ணை எழுதினார்.

காமெனோசாவா, பிள்ளைகள் குறைந்ததால் 2011-இல் மூடப்பட்ட பள்ளி. ஒரு பெரிய கமெண்ட்டுக்குள் கடைசி ஆளாகக் கிடந்தது. நெசுவின் சின்னக் கமெண்ட்டின் மூடலைக் கண்டதும் வாசிப்பான் கண்ணைத் திறந்தது. அதற்குக் கீழே கிடந்ததெல்லாம் உயிர்பெற்றது: காமெனோசாவா தொடக்கப்பள்ளி, இருநூற்றுப் பதினான்கு சாப்பாடு, நான்காம் வண்டி. பிணத்துக்குத் தலை வாரிவிடப் போனவரின் கையைப் பிணம் எழுந்து பிடித்துக்கொண்ட கதை.

சோதனையும் நடந்தது. மாற்றம் கேட்ட பள்ளியை மட்டும் சோதிப்பதுதான் வழக்கம். ஆறு குறைந்திருந்தது. படமெடுத்து ஒட்டினார்கள்.

*

செவ்வாய்க்கிழமை கறிக்குழம்புச் சோறு, முட்டைகோஸ், பால். நகரத்துச் சமையல் கூடத்தில் கணினி அனுப்பிய தாளில் இருந்தபடி இருநூற்றுப் பதினான்கு பேருக்குச் சேர்த்துச் சமைத்தார்கள். நான்காம் வண்டிக்காரர் தாளில் இருந்தபடி மலைப்பக்கம் போனார். பள்ளி பூட்டியிருந்தது, வாசலில் புல் முழங்கால் உயரம். பாத்திரங்களைச் செருப்பு வைக்கும் இடத்தில் வரிசையாக இறக்கி, படமெடுத்து, கட்டத்தில் குறியிட்டுவிட்டுத் திரும்பினார். மாலையில் காலிப் பாத்திரம் எடுக்கப் போனபோது எல்லாம் ஒரு பருக்கை குறையாமல் ஆறிப்போய் இருந்தது. பால் மட்டும் பதினோரு பெட்டி குறைந்தது. மைதானத்தில் கேட்பால் என்ற பந்து விளையாட்டு ஆடவந்த முதியவர்கள் குடித்திருந்தார்கள்.

“பூட்டியிருந்துச்சே, சந்தேகம் வரலையா உங்களுக்கு?” என்று நகர அலுவலகத்தில் அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

“வந்துச்சுங்க. ஆனா தாள்ல இருந்துச்சே” என்றாராம்.

என்னைக் கேட்டால் அந்தச் சம்பவத்தில் புத்தியோடு நடந்துகொண்டவர்கள் பால் குடித்த பதினோரு பேர்தான். நிறுவனத்தின் அறிக்கையில் அந்தப் பதினோரு பாலுக்குத் தனியாக ஒரு பத்தி இருந்தது.

புதன்கிழமை காலையில் மசாயோ கோப்பைத் திறந்து இரண்டு நிமிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்தாள். நெசு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், முகம் சுண்ணாம்பு மாதிரி.

“செத்ததுன்னு எனக்குத் தெரியாது, குசுனோகி-சான்.”

“தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா?”

அவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். “இல்ல. தப்பான எண் தப்பான எண்தானே.”

“ஈரத்தாள் வேணுமா?” என்று கேட்டு, ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள்.

*

வியாழக்கிழமை கூட்டம். ஒரு தவறு நடந்தால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு வேரைக் கண்டுபிடிப்பது அங்கே முறை. அதற்கு ஒரு படிவம், ஐந்து கட்டம். மேசையின் தலைப்பக்கத்தில் புச்சோ கன்பாரா, கண்ணை மூடிக்கொண்டு. பக்கத்தில் காச்சோ. எதிரே மசாயோ, நெசு, மன்னிப்புக் கேட்கக் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஹிருகாவா. சுவரோரம் நாங்கள் நாலைந்து மஞ்சள் பட்டிகள்.

“சாப்பாடு ஏன் போச்சு?” என்று காச்சோ ஆரம்பித்தார். “பட்டியல்ல மூடின பள்ளி வந்ததால. ஏன் வந்துச்சு? கமெண்ட் பாதியில முடிஞ்சதால. ஏன் முடிஞ்சுது? உள்ள இன்னொரு கமெண்ட் வச்சதால.” மூன்று கட்டத்தையும் அவரே நிரப்பினார். கையெழுத்து அழகு. “ஏன் வச்சாங்க? மினாமோ-சான்?”

மசாயோ தலை குனிந்திருந்தாள். “அறுபத்தொண்ணாம் தாள்ல எழுதியிருக்கேன்…”

“எழுதறது வேற, புரியவைக்கறது வேற இல்லையா?”

“தப்பு என்னோடது, காச்சோ” என்றார் நெசு.

“இருங்க நெசு-சான், இங்க யாரையும் குத்தம் சொல்லலை. மினாமோவோட ஒப்படைப்பு விளக்கம் போதலை. இதான் நாலாவது. சரிதானே?”

ஹிருகாவா அவளுடைய காலை மேசைக்கடியில் இடித்ததை நான் பார்த்தேன். “தலையாட்டிடுங்க,” என்று வாயசைக்காமல் சொன்னான். “பழிய ஏத்துக்குங்க, போயிடலாம்.”

அவள் தலையாட்டினாள். அதில் அவளுக்குக் கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. பதினோரு வருடம் அந்தக் கோப்பில் கைவைத்தவளுக்கு இன்னொரு கைப்பிடி அழுக்கு என்ன செய்யும்? நெசு தப்பித்தார், காச்சோவின் படிவம் நிரம்பியது, இன்னும் பத்தொன்பது நாளில் அவள் கமாதாவில் இருப்பாள்.

காச்சோ பேனாவை அடுத்த பகுதிக்கு நகர்த்தினார். ‘மீண்டும் நிகழாமல் இருக்க நடவடிக்கை.’

“ஒப்படைப்பு போதலைன்னா,” என்றார், கணக்கு வாத்தியார் விடை எழுதுகிற தொனியில், “ஒப்படைப்ப நீட்டிக்கணும். அடுத்த மார்ச் வரைக்கும் மினாமோ-சான் இங்கயே இருந்து, முழுசா, பொறுமையா…”

மசாயோ தலையை நிமிர்த்தினாள். ஹிருகாவாவின் மடியில் இனிப்புப் பெட்டி நழுவியது.

பார்க்கப் போனால் காச்சோ தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது கட்டத்தில் எழுதியது உண்மையானால் நடவடிக்கை அதுதான். பணிவாக ஒப்புக்கொண்ட பொய், பணிவாகவே அவளை இன்னொரு வருடம் கட்டிப்போட்டது.

“காச்சோ, நாலாவது தப்பு” என்றாள்.

“என்ன?”

“நாலாவது கட்டம். அடிச்சிடுங்க. அந்தப் பள்ளிக்கூடம் மூடிப் பல வருஷம் ஆச்சு. அதோட சாப்பாட்டுக் கணக்கு ஏன் இன்னும் கோப்புல இருக்கு? அதக் கேக்கணும்.”

“மினாமோ-சான், அது இன்னிக்கு நாம பேசற…”

“அழிக்கக் கூடாதுன்னு விதி இருக்கறதால இருக்கு. இது நாலாவது. ஏன் அந்த விதி? இது அஞ்சாவது. வேர் அங்க இருக்கு.”

புச்சோ கண்ணைத் திறந்தார். “அந்த விதிய நான் போட்டேன்” என்றார், கோபமில்லாமல்.

“தெரியும், புச்சோ. கோப்போட நாலாவது வரில தேதியோட இருக்கு.” அவள் எழுந்து நிற்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. “பதினோராயிரத்து நானூறு வரி. உயிரோட இருக்கறது எண்ணூத்து அறுபது. மீதியெல்லாம் செத்தது. செத்ததுக்குப் பேரு எழுதி, செத்தத நகத்தி, செத்ததுக்கு அஞ்சல் எண் திருத்தி… இந்த மனுஷன் செஞ்சது தப்பில்ல, இங்க எல்லாரும் செய்யறத ஒழுங்கா செஞ்சார். தினமும் காலைல அதத் திறக்கறப்ப எனக்கு அருவருப்பா இருக்கு. பதினோரு வருஷமா. குமட்டுது.”

 அங்கே ‘சிரமம்’ என்பார்கள், ‘ஆலோசிக்க வேண்டிய விஷயம்’ என்பார்கள். ‘குமட்டுது’ என்று ஒருவர் கூட்டத்தில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நெசு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். காச்சோவின் பேனா அந்தரத்தில் நின்றது. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

“மதிப்புள்ள கருத்து” என்றார் புச்சோ. “நன்றி.”

அந்த மாடியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்: ஒரு கருத்துக்கு அங்கே செய்யும் கடைசி மரியாதை அது. அதற்குப் பிறகு அந்தக் கருத்தை யாரும் கண்டதில்லை.

*

மறுநாள் காலை காச்சோ ஹிருகாவாவைத் தொலைபேசியில் அழைத்தார். மினாமோ-சானுக்கு இந்த இடத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, அவருடைய உடம்பையும் யோசிக்க வேண்டும், இந்த வாரத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்றார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ‘இந்த வாரம்’ என்பதில் ஏழு மணிநேரம் பாக்கி இருந்தது.

மதியம் இரண்டு தாள்கள் காச்சோவின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததை நானே பார்த்தேன். ஒன்று, ‘மினாமோவின் ஒப்படைப்பு போதாமல் விபத்து நேர்ந்தது’ என்ற அறிக்கை. மற்றது, ‘மினாமோவின் ஒப்படைப்பு குறையின்றி முடிந்தது’ என்ற சான்று. ஒரே தேதி. ஒரே முத்திரை, இரண்டிலும் நேராக, மை சிந்தாமல். பணிவும் பழியும் வாங்கித் தராத விடுதலையை ஒரு மரியாதை கெட்ட வார்த்தை வாங்கித் தந்தது. இதிலிருந்து இளைஞர்கள் பாடம் ஏதும் கற்றுக்கொள்ள வேண்டாம். மறுபடி பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

அவள் இழுப்பறையைக் காலிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெசு மின்தூக்கி வரை வந்தார்.

“என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு.”

“என் பேர இங்க யாருக்குத் தெரியும், கெடறதுக்கு?”

“ஒண்ணு சொல்லணும், குசுனோகி-சான். நேத்து நீங்க சொன்னது சரியில்ல. அது பொணம் இல்ல. ஆளுங்க இங்க உக்காந்து வேல பாத்தாங்கங்கறதுக்கு வேற அடையாளமே கிடையாது. நாற்காலிகூட அவங்களுது இல்ல.”

 மின்தூக்கி வந்து, திறந்து, ஆளில்லாமல் போயிற்று.

“என் பேரு அதுல நூத்து அறுபத்தெட்டு எடத்துல இருக்கு” என்றாள். “எண்ணியிருக்கேன். எனக்கு வேண்டாம், நெசு-சான். அதையெல்லாம் அழிச்சிடுவீங்களா?”

நெசு நிஜமாகவே வருத்தப்பட்டார். “அழிக்கக் கூடாதே” என்றார்.

“சரி” என்று சொல்லிவிட்டு, படிக்கட்டில் இறங்கிப் போனாள். ஏழு மாடி.

மற்றதை மே மாதம் கமாதாவில் ஒரு நூடுல்ஸ் கடையில் அவளே சொன்னாள். மின்தூக்கி வேலை கிடைக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய ஆள் என்ற செய்தி அவளுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஹிருகாவா இரண்டு இடத்துக்கு இனிப்புப் பெட்டி சுமந்து, குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டு வந்தானாம். “உங்க ஒரு வார்த்தைக்கு எனக்கு ரெண்டு பெட்டி,” என்று புலம்பினானாம். சொந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை கொடுத்தார்கள், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில். பழைய வேலைகளின் அமைப்புக் கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றித் தரச் சொன்னார்கள்.

“எக்ஸ்.எம்.எல்.லா?” என்று கேட்டேன்.

“வேற என்ன?” என்றாள், நூடுல்ஸைத் தூக்கியபடி.

முதல் கோப்பு சின்னது. நானூறு வரி, அதில் முந்நூறு செத்தது. அவள் முந்நூற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினாள். போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், யாராவது வந்து ஏன் அழித்தாய் என்று கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது.

“சீ, எனக்கே அசிங்கமாப் போச்சு. அந்தக் கோப்பவிட மோசம், நான் அப்படி உக்காந்திருந்தது.”

“எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?”

“சாப்பாட்டு மணி அடிக்கற வரைக்கும்” என்றாள். “அப்பறம் எழுந்து போயி சாப்பிட்டேன். வந்து அடுத்த கோப்பத் திறந்தேன்.”